கோலாலம்பூர்ல கிழங்கும் மீன்கறியும் கிடைக்குமா? என்ன பேரு சொல்லிக் கேக்கணும்?

மார்த்தாண்டம்காரன்:
அடுத்த மாசம் அம்மைய கூட்டிட்டு மலேசியா, சிங்கப்பூர் 8 நாள் போறேன். 67 வயசு, முதல் பிளைட். பிரச்சன சாப்பாடு தான். போன வருசம் ஆபீஸ் வேலையா கோலாலம்பூர் போனப்போ ரூம்ல இருந்துட்டே கிராப் ஆப்புல "சவுத் இந்தியன்"னு தேடி மீன் சாப்பாடு சொன்னேன், வந்தது செட்டிநாட்டு மசால்ல முக்கி எடுத்த மீனு, தேங்கா அரச்சது மருந்துக்கும் இல்ல, கூட பொன்னி அரிசிச் சோறு. எனக்கே எறங்கல. எனக்க அம்மைக்கு சம்பா அரிசிச் சோறு, தேங்கா அரச்ச மீன்கறி, ரெண்டு நாளைக்கு ஒருக்க அவிச்ச மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), இது போதும். அங்க எப்பிடி ஆர்டர் பண்ண?

தக்கலை டு ஈப்போ:
தம்பி, நீங்க தேடுன பேரு தான் தப்பு. தமிழ் ஹோட்டல்ல நம்ம ஊரு ருசி கிடைக்காது, இங்க மலேசியா வந்து 11 வருசத்துல நான் படிச்ச பாடம் இது. மலாய்க்காரங்க கடைக்குப் போங்க. அவங்களும் தேங்காப்பால் ஆளுங்க தான், கிழங்கு திங்குற ஆளுங்க தான். மரச்சீனிக்கு இங்க "உபி காயு", அவிச்சது வேணும்னா "உபி காயு ரெபுஸ்". அயிலைக்கு (கானாங்கெளுத்தி) "இக்கான் கெம்போங்", நெத்திலிக்கு "இக்கான் பிலிஸ்". "அசாம் பெடாஸ்"னு ஒரு மீன்கறி உண்டு, புளிப்பும் எரிப்புமா இருக்கும், சில பேரு அதுல காஞ்ச புளித்துண்டு போடுவாங்க, அசாம் கெலுகோர்னு பேரு, நம்ம கொடம்புளிக்கு சித்தப்பா மவன் மாதிரி. தேங்கா இருக்காது, ஆனா அம்மைக்கு பிடிக்கும்னு தான் நினைக்கேன்.

காலைல "புத்து மாயாம்" வாங்குங்க. பேரப் பாத்து புட்டுன்னு நினைச்சிராதீங்க, அது இடியாப்பம், தேங்காப்பூவும் நாட்டுச்சக்கரையும் தருவாங்க. நம்ம குழாப்புட்டு மாதிரி வேணும்னா "புத்து பம்பு". சாயா சொல்லும்போது கவனம், சும்மா "தே"ன்னா கண்டென்ஸ்ட் மில்க்க ஊத்தி பாயாசமா தருவான். கட்டன்சாயாவுக்கு "தே ஓ", சீனி வேண்டாம்னா "தே ஓ கோசோங்".

சோத்துக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நிறைய. சில கடையில கேட்டா புழுங்கலரிசிச் சோறு தருவாங்க. சம்பா அரிசிய மறந்துருங்க. தமிழ்லயே பேசலாம், "பசியாறிட்டீங்களாம்மா"ன்னு கேப்பாங்க, அம்மைக்கு அந்தச் சொல்லே பாதி வயிறு நிறைஞ்சிரும்.

சுசீந்திரம் அக்கா:
நாங்க சைவம். ஒரு கடையில கீரைன்னு நம்பி காங்கோங் வாங்கினோம், நாலு வாய் தின்னப்புறம் தான் மாமாவுக்கு வாடை பிடிச்சுது. பெலாச்சான், அதாவது கூனி இறால் அரச்ச விழுது. கீரை தானேன்னு எல்லாத்துலயும் போடுவாங்க போல. மாமா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பட்டினி, என்கிட்ட பேச்சும் இல்ல. உங்க அம்மை மீன் திங்குறவங்க, உங்களுக்கு கவலை இல்ல.

களியக்காவிளை செக்போஸ்ட்:
அண்ணே, மலையாளி கடைய தேடலியா? கிழங்குக்கு கப்பான்னு கேளுங்க, மீன்கறியும் தேங்கா அரச்சு கிடைக்கும், கேரளாச் செவப்பு மட்ட அரிசிச் சோறும் கிடைக்கும். 1956ல திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து நம்ம நாலு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்துச்சு, நாக்கு இன்னும் அந்தப் பக்கம் தான் இருக்கு 😄 சிங்கப்பூர்ல மீன்தலைக் கறியும் சாப்பிடுங்க, கேரளாவுல இருந்து போன எம்.ஜே. கோமஸ் தொடங்கி வச்சதுன்னு சொல்லுவாங்க. தெக்கா மார்க்கெட் பக்கம் போனா அம்மைக்கு வேடிக்கை பாக்கவும் ஆச்சு.

தக்கலை டு ஈப்போ:
செக்போஸ்ட் சொன்னது செரி, மலையாளி கடைய விட்டுட்டேன். ஆனா தெனமும் அங்கயே போனா பின்ன களியக்காவிளைல பஸ் பிடிச்சு கேரளாவுல இருக்க பாறசாலைக்கு போனா போதுமே, மலேசியா எதுக்கு?

மார்த்தாண்டம்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பேரெல்லாம் போன்ல எழுதி வச்சாச்சு. இப்ப தான் அம்மைகிட்ட "அங்க கிழங்குக்கு உபி காயுன்னு பேராம்"னேன். "உப்புக் காயா? அத தின்னவா இவ்வளவு தூரம் போறோம்"னு கேட்டுட்டு, நேந்திரங்கா வத்தல் 3 கிலோ வறுக்கச் சொல்லி ஆள் விட்டிருக்காவ.