ஃபமிலி டொக்டருக்குப் படிக்கப்போற எங்கட பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கட ஊர்ப் பிள்ளை ஒண்டுக்கு ஃபமிலி மெடிசின் ரெசிடென்சி (குடும்ப வைத்தியராகிறதுக்கான பயிற்சி) கிடைச்சிருக்கு எண்டு சொன்ன உடன "ஏன், ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் போகேல்லையோ" எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டவை, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாப் போச்சு, அதான் எழுதுறன்.

போன விண்டருக்க அம்மாவை நாரி நோவுக்கு எங்கட ஃபமிலி டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போனனான். அவர் கொம்பியூட்டரை விட்டிட்டுக் கதிரையை அம்மாவின்ர பக்கம் இழுத்துப்போட்டு, "இது என்னவா இருக்குமெண்டு பயப்பிடுறியள்?" எண்டு கேட்டார். நான் தமிழில சொல்ல, அம்மா சீலைத் தலைப்பை விரலில சுத்திச் சுத்தி, "தங்கச்சிக்கும் இப்பிடித்தானே துவங்கினது, பிறகு கான்சர் எண்டவை" எண்டு அழுதுபோட்டா. எனக்கே ஒருநாளும் சொல்லாத கதை.

அந்தக் கேள்வியை டொக்டர்மாருக்குப் பழக்கினதில பெரிய பங்கு இயன் மக்வின்னிக்கு. இங்கிலாந்தில ஸ்ட்ராட்ஃபோர்டில 14 வருசம் குடும்ப வைத்தியரா இருந்த மனுசன், 1968 இல ஒன்ராறியோ லண்டனுக்கு வந்து, வெஸ்டர்ன் யூனிவர்சிட்டியில கனடாவின்ர முதல் குடும்ப மருத்துவப் பேராசிரியரானவர். அந்தக் காலத்தில மாணவர் படிச்சதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வாட்டில. ஆனா 1961 இலயே அமெரிக்காவில கெர் வைட் எண்ட டொக்டரும் கூட்டாளியளும் ஒரு கணக்குப் போட்டவை: 1000 பெரியாக்களை எடுத்தா மாசத்தில 750 பேருக்கு ஏதோ ஒரு வருத்தம், 250 பேர் டொக்டரிட்ட போவினம், 9 பேர் ஆஸ்பத்திரியில படுப்பினம், யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போறது ஒரேயொரு ஆள். அந்த ஒரு ஆளைப் பாத்து மட்டும் படிச்சா மிச்ச 249 பேரையும் என்னெண்டு பாக்கிறது?

மக்வின்னியின்ர டிப்பாட்மெண்டில 1980களில வளத்தெடுத்ததுதான் நோயாளியை நடுவில வைச்சுப் பாக்கிற முறை. என்ன வருத்தமெண்டு தேடேக்கையே அந்தாளின்ர பயம் என்ன, தனக்கு என்னெண்டு நினைக்கிறார், வீட்டு வேலை செய்ய ஏலுதோ, எங்களிட்ட என்னத்தை எதிர்பாத்து வந்தவர் எண்டும் கேக்கவேணும். பார்க்வுட் ஆஸ்பத்திரியில கடைசிக் காலத்தில இருக்கிற நோயாளியளைப் பராமரிக்கிற பிரிவையும் நடத்தினவர். 2012 இல ஒன்ராறியோ லண்டனிலயே காலமானார்.

அம்மாவைச் சோதிச்சதில எலும்புத் தேய்மானம்தான். நோ இன்னும் இருக்கு, ஆனா இரவில நித்திரை கொள்ளுறா.

வாற ஒன்றுகூடலுக்கு அந்தப் பிள்ளையும் வருவா. தயவுசெய்து ஆரும் அவவிட்ட ஸ்பெஷலிஸ்ட் கதை எடுக்காதேங்கோ, கையைப் பிடிச்சு வாழ்த்துச் சொல்லுங்கோ.