பன்னீர் திராட்சை, பட்டை, கிராம்பு: ஏற்காட்டில் கற்றுக்கொண்ட போதையில்லாத ஒயின்

கோரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏற்காட்டில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கேக் தட்டோடு சின்னக் கண்ணாடி டம்ளரில் கருஞ்சிவப்பாக ஒன்று வந்தது.

"ஒயினா டீச்சர்?" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாத கண்ணு, இதுல போதை கிடையாது. பிள்ளைங்களும் இதைத்தான் குடிக்குதுங்க" என்றார்.

நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. எங்களுடையது அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய குடும்பம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அதற்கப்புறம்தான் தாத்தாவின் கூலி முழுசாக வீடு வந்து சேர்ந்தது என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் பேரே கசக்கும்.

குடித்துப் பார்த்தேன். முதலில் பன்னீர் வாசம், அப்புறம் தொண்டையில் இஞ்சி, கடைசியில் நாக்கை லேசாக இழுக்கும் ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இல்லையென்றால் இது வெறும் திராட்சை ஜூஸ்தான். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பால் கலக்காத டீ டிகாஷனாம்! அன்றைக்கே செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆனால் எழுதி வாங்கியதை மதிக்கவில்லை. ஏப்ரலில் ஒருநாள் காய்ச்சச் சோம்பல்பட்டு, திராட்சையைப் பிசைந்து சர்க்கரை போட்டு, கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி இறுக்கி மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி சமையலறையில் 'டப்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் பாட்டில் சிதறி, சுவரெல்லாம் ஊதா. அடுப்பு மேடை முழுக்கக் கண்ணாடித் துண்டு. அந்த நேரம் அங்கே யாரும் நிற்கவில்லை, அதுவே போதும்.

டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். "தோல்லயே ஈஸ்ட் இருக்கு கண்ணு. காய்ச்சாம, சர்க்கரையும் போட்டு, சேலத்து வெக்கையில மூடி வெச்சா அது சும்மா இருக்குமா?" என்றார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு வெளியேற வழி இல்லாததால் பாட்டில் வெடித்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் மாநிலத்தில் குற்றம். வீட்டு உபயோகத்துக்குத்தான் என்றாலும் புளிக்கவிடும் வழிக்குப் போகாதீர்கள்.

இப்போது நான் செய்வது இப்படி. ஒரு கிலோ பன்னீர் திராட்சை, கம்பம் பக்கத்திலிருந்து வருவது. காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, கையால் நசுக்குவேன். மிக்ஸி வேண்டாம், விதை அரைபட்டால் கசந்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், விரல் நீளப் பட்டை, நாலு கிராம்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு சேர்த்துச் சிறு தீயில் கால் மணி நேரம். தோலில் உள்ள நிறம் தண்ணீரில் இறங்கித் தோல் வெளிறிப்போகும், அதுதான் பக்குவம். ஆறியதும் வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, 300 கிராம் சர்க்கரை சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விடுவேன். இறக்கியபின் அரை டம்ளர் டிகாஷன், ஒரு எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சை விழுந்ததும் ஊதா மெல்ல விலகிச் சிவப்பு ஏறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். நுரை தட்டினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

அடிவாரத்திலிருந்து ஒருவர்:
நான் கமலா ஆரஞ்சில் செய்து கெடுத்தேன் அக்கா. தோலோடு நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டதில் வேப்பிலைக் கஷாயம் மாதிரி கசந்துவிட்டது. கசப்பு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையிலும் விதையிலும்தான். இப்போதெல்லாம் மேல்தோலை மட்டும் சீவி மசாலாவோடு போடுகிறேன், சாற்றை அடுப்பை அணைத்தபிறகு ஊற்றுகிறேன். ஏற்காட்டு மிளகு பத்து மணி தட்டிப் போட்டால் மழைநாளுக்குச் சூடாகக் குடிக்க அருமை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர்:
எவர்சில்வர் என்று சொன்னீர்களே, அது ரொம்பச் சரி. போன வருடம் அலுமினியக் குண்டானில் காய்ச்சினேன். திராட்சைப் புளிப்பு உலோகத்தில் பட்டு, வாயில் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. இரண்டு கிலோ பழம் வீண். ஒரு சந்தேகம் அக்கா, வடிகட்டிய சக்கையை என்ன செய்கிறீர்கள்?

கோரிமேடு:
கொட்ட மாட்டேன் தம்பி. பட்டை, கிராம்பைப் பொறுக்கிவிட்டுச் சல்லடையில் தேய்த்தால் விதை மேலே நின்றுவிடும், கூழ் கீழே இறங்கும். கூழில் பாதி அளவு சர்க்கரை போட்டுக் கெட்டியாகும்வரை கிளறிவிடுங்கள். எங்கள் வீட்டில் தோசைக்கு அதைத் தொட்டுக்கொண்டே இரண்டு நாளில் காலி செய்துவிடுவார்கள்.