மலை ஏறினா கேம்பர் வேன் இழுக்க மாட்டேங்குது, டர்போ போயிருக்குமா?

மலைவண்டி:
வணக்கம்ங்க. 2017 மாடல் டீசல் வேன், பிஎஸ்4, காமன் ரெயில் டர்போ. நானே கேம்பரா மாத்தி ஓட்டிட்டு இருக்கேன். போன வாரம் ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறினோம், 40 கொண்டை ஊசி வளைவுல முதல் எட்டு ஒம்பது நல்லாத்தான் போச்சு, அப்புறம் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சாலும் வண்டி ஏறவே மாட்டேங்குது, ஒண்ணாவது கியருக்கே வந்தாச்சு, பின்னாடி பஸ்காரர் ஹாரன் மேல ஹாரன், பசங்க பயந்துட்டாங்க. ஓரங்கட்டி பத்து நிமிஷம் விட்டு எடுத்தா பழையபடி இழுக்குது, நாலு வளைவு தாண்டினா மறுபடி அதேதான். சமதரைல 80ல போனா ஒண்ணும் தெரியல. செக் இன்ஜின் லைட் ஒரு தடவை வந்துட்டு அணைஞ்சிருச்சு. பட்டறைல டர்போ, அதான் இன்ஜினுக்குக் காத்தை அமுக்கி அனுப்புற பாகம், அதை மாத்தணும்ங்கிறாங்க. பெரிய செலவு, அதான் உங்ககிட்ட கேட்டுட்டு செய்யலாம்னு.

பழைய ஸ்பேனர்:
தம்பி, டர்போவை இப்போ தொட வேண்டாம். வண்டி திணறுறப்போ சைலன்சர்ல கரும்புகை வந்துச்சா? வந்துச்சுன்னா டீசல் இருக்கு, காத்து பத்தலைன்னு அர்த்தம், ஏர் ஃபில்டர், டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸ், டர்போன்னு அந்தப் பக்கம் போகலாம். புகையே இல்லாம சக்தி மட்டும் குறைஞ்சா டீசலே பத்தலைன்னு பாருங்க. நின்னு எடுத்தா சரியாகுதுங்கறீங்களே, கிழிஞ்ச ஹோஸ் பத்து நிமிஷத்துல தானா ஒட்டிக்காது. டேங்க் மூடியைத் திறந்தா காத்து உள்ள இழுக்கிற சத்தம் வருதான்னும் கவனிங்க, டேங்குக்குள்ள காத்து போற வென்ட் ஓட்டை அடைச்சிருந்தாலும் இப்படித்தான் படுத்தும்.

நெடுஞ்சாலை நாடோடி:
லைட் அணைஞ்சாலும் என்ன கோளாறுன்னு சொல்ற எரர் கோடு உள்ள பதிவாகி இருக்கும், பேட்டரி வயரைக் கழட்டி அழிச்சிடாதீங்க ப்ரோ. அந்தக் கோடைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் போடுங்க. பி0299 வந்தா டர்போ தர்ற காத்தழுத்தம் (பூஸ்ட்) குறைவு, பி0087 வந்தா ரெயில்ல, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தர்ற குழாய்ல, டீசல் பிரஷர் குறைவு. மலை ஏறுறப்போ பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சு, இன்ஜின் கம்ப்யூட்டர் (இசியூ) கேக்கிற ரெயில் பிரஷரையும் நிஜமா வர்ற பிரஷரையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க. கேக்கிறது ஏறிக்கிட்டே போய் வர்றது கீழ விழுந்தா டீசல் பத்தலைங்கிறதுக்கு வேற சாட்சியே வேண்டாம்.

மலைவண்டி:
புகை வரலைங்க. கோடு பி0087. டீசல் ஃபில்டர் மாத்தி ஆறு மாசம்தான் ஆச்சு. இன்னொண்ணு, லடாக் போறதுக்காக வேனுக்குள்ள சூடாக்க டீசல் ஹீட்டர் மாட்டினப்போ, அதுக்கு டீசலை மெயின் லைன்லயே ஒரு டி (மூணு வழி ஜாயின்ட்) போட்டு எடுத்தாங்க. அதுல ஒழுகலும் இல்ல.

பழைய ஸ்பேனர்:
ஒழுகாது தம்பி. டேங்குக்குள்ள பம்ப் இல்லாத வண்டின்னா இன்ஜின் பக்கத்து பம்ப்தான் டீசலை உறிஞ்சும், அதனால அந்த லைன் இழுவைல இருக்கும், ஜாயின்ட் லூசா இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். ஃபில்டருக்கு முன்னாடி ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டு நல்லா ரேஸ் பண்ணிப் பாருங்க, காத்துக் குமிழி முட்டை முட்டையா ஓடும். ஹீட்டருக்கு டேங்க்லயே தனி பைப் இறக்கணும். அப்படியே ஃபில்டரை அறுத்துப் பாருங்க, கேம்பர் மாசக்கணக்கா பாதி டேங்கோட நிக்கும், உள்ள தண்ணி வேர்த்து அந்தத் தண்ணிலதான் கருப்புப் பாசி கட்டும்.

மலைவண்டி:
அண்ணா, முட்டை வந்துச்சு! டி-யை எடுத்துட்டு நேர் லைன் போட்டோம், பாதிதான் சரியாச்சு, ஏத்தத்துல இன்னும் லேசா விழுந்துச்சு. அப்புறம் டேங்கை இறக்கினா உறிஞ்சு குழாய் வலையில சகதி மாதிரி கருப்பா அப்பியிருக்கு. இழுக்கிறப்போ வலையில ஒட்டி அடைச்சிருக்கு, நிறுத்தினா கீழ விழுந்திருக்கு, பத்து நிமிஷ கதை இப்பத்தான் புரியுது. டேங்க் கழுவி, லைன் ஊதி, ஃபில்டர் புதுசு போட்டாச்சு. நேத்து அதே 40 வளைவும் எங்கயும் நிக்காம ஏறிட்டோம், டர்போ பழசேதான்.