பெயில்அவுட்: ‘பிணையெடுப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நெருக்கடியில் சிக்கிய விமான நிறுவனங்களுக்கு அரசு அளிக்கும் ‘பெயில்அவுட்’ (bailout) என்ற நிதியுதவியைத் தமிழில் ‘பிணையெடுப்பு’ என்றே குறிக்கலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிணை என்பது ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க அரசு அறிவித்த 1,500 கோடி டாலரில் 1,000 கோடி கடன் உத்தரவாதம் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் இச்சொல் பொருந்தும். மீதி 500 கோடி நேரடியாகக் கொடுத்த பணம்.

கொரோனாக் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் விரிந்தது. 2020இல் ஜெர்மனி தன் நாட்டு விமான நிறுவனமான லுஃப்தான்சாவுக்கு அறிவித்த 900 கோடி யூரோ தொகுப்பில் கடனும் இருந்தது, மூலதனமும் இருந்தது. நிறுவனத்தின் 20 விழுக்காட்டுப் பங்குகளையும் அரசு வாங்கி, 2022இல் அவற்றை இலாபத்துடன் விற்று வெளியேறியது. 2020இல் அமெரிக்கா பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளச் செலவுக்கு ஒதுக்கிய 2,500 கோடி டாலரோ, செப்டம்பர் 30 வரை ஊழியர்களைக் கட்டாயமாக வேலையிலிருந்து அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையுடன் வந்தது. இவை யாவற்றையும் பிணை என்றால், பொதுப்பணம் எந்த வடிவில் சென்றது என்று வாசகர் கேட்கவே வழியின்றிப் போகும்.

‘மீட்பு நிதி’ எளிய சொல்தான்; ஆனால் அது விளைவை முன்கூட்டியே உறுதி செய்துவிடுகிறது. ஏர் இந்தியாவுக்கு 2012இல் ஒப்புதல் பெற்ற சீரமைப்புத் திட்டம் பல ஆண்டுகளில் 30,231 கோடி ரூபாய் மூலதனம் வழங்க வகைசெய்தது. ஆயினும் கடன் தீரவில்லை, 2022 ஜனவரியில் நிறுவனம் டாடா குழுமத்திடம் சென்றது. அங்கே உதவி கிடைத்தது, மீட்பு கிடைக்கவில்லை.

ஆகவே ‘தாங்குதவி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். விழவிருப்பதைத் தாங்கிப் பிடிக்கும் நோக்கத்தை மட்டும் அது சொல்கிறது. தாங்குதவிக் கடன், தாங்குதவிக் கொடை, தாங்குதவி மூலதனம், தாங்குதவி உத்தரவாதம் என வடிவத்துக்கேற்பப் பிரிக்கவும் இடம் தருகிறது. இந்திய அரசின் உதான் திட்டத்தில் சிறுநகர விமான வழித்தடங்களுக்குத் தரப்படும் தொகை மானியமே என்பதால், அதை இதில் சேர்க்க வேண்டாம். சொல்விளக்கத்தில், ‘முடங்கும் நிலையிலுள்ள நிறுவனத்துக்கு அரசு நெருக்கடிக் காலத்தில் வழங்கும் நிதியுதவி அல்லது உத்தரவாதம்’ என எழுதலாம் என்பது என் பரிந்துரை.