ஜம்ப் ஸ்கேருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

வணக்கம் நண்பர்களே,

என்னிடம் படத்தொகுப்பு படிக்கும் மாணவர்கள் ஐந்து பேர் ஒரு பேய்ப்படத்துக்கு முன்னோட்டம் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஓடுகிறது. எதைத் திருத்த வேண்டும் என்று இரண்டு பக்கக் குறிப்பு தர வேண்டும். தமிழில்தான் தர வேண்டும். எழுத உட்கார்ந்து மூன்றாவது வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"உங்கள் முன்னோட்டத்தில் ஏழு ______ இருக்கின்றன. ஐந்தை எடுத்துவிடுங்கள்."

கோடிட்ட இடத்தில் வர வேண்டியது ஜம்ப் ஸ்கேர். அமைதியாக ஓடும் காட்சியில் சட்டென்று ஒரு முகம் வந்து, கூடவே பெரிய சத்தமும் வந்து, பார்ப்பவர் நாற்காலியில் ஒரு துள்ளு துள்ளுவாரே, அது. 'அதிர்ச்சிக் காட்சி' என்று போட்டுப் பார்த்தேன். மகன் வீட்டை விட்டு ஓடிப்போன சேதி வருவதும் அதிர்ச்சிக் காட்சிதான். சரிப்படவில்லை.

ஒரு நிபந்தனை: சொல்லை எண்ண முடிய வேண்டும், ஒன்று, இரண்டு, ஏழு என்று. தொகுப்பு மேசையில் உட்கார்ந்து "இங்கே ஒன்று வை" என்று சொல்லவும் வாய்க்கு வர வேண்டும்.

— பூ.

---

பூ.,

சப்டைட்டிலில் நான் 'திடுக்கிடல்' என்றே போட்டுவந்திருக்கிறேன். ஆனால் உங்கள் நிபந்தனையில் அது தோற்றுவிடும். 'ஏழு திடுக்கிடல்கள்' என்று யார் பேசுவார்கள்? 'இடு'வைக் கழற்றிவிட்டால் 'திடுக்கு' மிஞ்சும். திடுக்கென்று, திடுக்கிட்டு என்று எல்லார் வாயிலும் புழங்குவதுதான். "இங்கே ஒரு திடுக்கு வை." எனக்குக் காதில் சரியாக விழுகிறது.

— கி.

---

> எனக்குக் காதில் சரியாக விழுகிறது

காதை வைத்துக் கலைச்சொல் செய்தால் நாளைக்கு 'டமால்' என்பதும் கலைச்சொல்லாகும்.

'துணுக்கு' என்ற சொல்லை ஏன் யாரும் நினைக்கவில்லை? துணுக்குறுதல் என்றால் திடுக்கிடுதல். துணுக்கு என்றால் சிறு துண்டும்தான். துணி, துண்டு, துணுக்கு எல்லாம் 'வெட்டுதல்' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. அச்சத்தால் ஓட்டம் அறுபடுவது துணுக்கம். வெட்டினால் அறுபடுவது துண்டு. இந்த உத்தியோ படத்தொகுப்பாளர் வெட்டுகிற இடத்தில்தான் பிறக்கிறது! அச்சமும் வெட்டும் ஒரே சொல்லில். எந்த மொழிக்கு இது வாய்க்கும்? 'துண்ணெனல்' என்ற குறிப்புமொழியையும் சேர்த்துக்கொண்டால் இதயத்தின் 'துண்' என்ற ஒலியே வேராக இருக்கலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

— ந.

---

ந. ஐயா, கோபிக்க வேண்டாம். துணுக்கு என்றதும் மாணவர்களுக்கு நினைவு வருவது நகைச்சுவைத் துணுக்கு. "உங்கள் பேய்ப்படத்தில் ஏழு துணுக்குகள் இருக்கின்றன" என்று குறிப்பு போனால் சிரித்தார்களா என்று திருப்பிக் கேட்பார்கள்.

வேர் பற்றி: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் எளிதில் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். உங்களுக்குத் தெரியாததல்ல.

— கி.

---

சொல் கிடக்கட்டும். பூ. அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். நான் ஒலிக்கலவைக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

41ஆவது நொடியில் அந்தப் பெண் அலமாரிக் கதவைத் திறக்கிறாள். நல்ல ஷாட். கதவின் கண்ணாடியில் அவள் முகம் மெல்ல விலகுகிறது. அடுத்து அங்கே என்ன வரும் என்று குழந்தைக்கும் தெரியும்; வருகிறது. யாரும் துள்ளப்போவதில்லை. காரணம் படம் அல்ல, ஒலி. முழு முன்னோட்டத்தையும் கம்ப்ரெஸர் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். கிசுகிசுப்பும் அலறலும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. போதாததற்கு அடியில் விடாமல் ஒரு ரீங்காரம். கதவு திறக்கும் முன் அந்த ரீங்காரத்தை இரண்டு நொடி அறுத்துவிடச் சொல்லுங்கள். மூச்சு மட்டும் கேட்கட்டும். அப்புறம் கதவு திறந்ததும் எதுவும் வரக்கூடாது. வெறும் சட்டைகள். அவள் மூடுகிறாள், நாம் மூச்சு விடுகிறோம், அப்போது வைக்க வேண்டும்.

இன்னொன்று. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது அனிச்சைச் செயல். ஒரு நொடியை இருபதாக்கினால் அதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேமுக்குச் சற்றே கூட. பயம் என்று மூளை பெயர் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிப்போகும். ஏழாவது முகத்துக்கு எனக்குக் கொட்டாவி வந்தது.

— வே.

---

> பயம் என்று மூளை பெயர் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்

இதுதான் முக்கியம். அச்சம் வேறு, இது வேறு. ஈழ வழக்கில் பயங்காட்டுவதை 'வெருட்டுறது' என்போம். பின்னால் வந்து 'பே' என்று கத்துகிற பிள்ளையை "வெருட்டாதை" என்று சொல்வோம். 'வெருட்டு' என்றே வைக்கலாமே. திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, உங்களுக்கும் அந்நியமான சொல் இல்லை.

— தா.

---

தா. தங்கை என் வாயை அடைத்துவிட்டார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாட்டில் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சியில்) ஒன்று அச்சம். அதற்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், நான்கு: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே'. அங்கே அஞ்சத்தக்க பொருள் ஒன்று உண்டு. எட்டோடு நிற்காமல் தொல்காப்பியர் இன்னொரு பட்டியல் தருகிறார், உடைமை, இன்புறல் என்று தொடங்கி. அதில் 'வெரூஉதல்' தனியே நிற்கிறது! இதற்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் சொல்லும் விளக்கத்தின் சாரம்: விலங்கும் பறவையும் போல வெருளுவது, அஞ்ச வேண்டாததைக் கண்டாலும் சட்டென்று பிறந்து மாறிவிடுவது. வே. சொன்ன அனிச்சைச் செயல் இதுவல்லவா? ஆகவே என் துணுக்கைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று 'வெரூஉ'வை முன்மொழிகிறேன்.

— ந.

---

அஞ்ச வேண்டாதது என்றதும் நினைவு வந்தது. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இருட்டில் ஒரு பெண்ணை ஏதோ பின்தொடரும். பேய் வரப்போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரில் அந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பஸ்ஸுக்கு வேர்ச்சொல் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

— வே.

---

ந. ஐயா கண்டெடுத்தது அருமை, உண்மையாகவே. ஆனால் அளபெடையோடு ஒரு சொல்லை மாணவர் கையில் கொடுக்க முடியாது. 'ஏழு வெரூஉக்கள்' என்றால் பேய்க்கு இருமல் வந்தது போலிருக்கிறது.

— கி.

---

'திடுக்கு' என்றால் பன்மை திடுக்குகளா, திடுக்குக்களா? வன்றொடர்க் குற்றியலுகரம்...

— செ.

---

வாழ்த்துகள், வாழ்த்துக்கள் சண்டையை இந்த இழையில் கிளப்ப வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

— கி.

---

பேய்ப்பட வகைக்கே 'திகில் படம்' என்று எழுதுகிறோமே, அது முதலில் தமிழா? உருது என்று கேள்வி.

— செ.

---

கன்னடத்தில் 'திகிலு' என்றால் அச்சம். தெலுங்கில் 'திகுலு' என்றால் கவலை. பக்கத்து வீடுகளில் கேட்காமல் ஏன் உருதுவுக்கு ஓடுகிறீர்கள்? 'ட்ரெய்லர்' கதை இன்னும் வேடிக்கை: தொடக்கத்தில் படம் முடிந்த பிறகு காட்டினார்களாம், பின்னால் தொங்குவதால் அந்தப் பெயர். நாம் 'முன்னோட்டம்' என்றோம். பொருள் தலைகீழ், சொல் நிலைத்துவிட்டது.

— ந.

---

நண்பர்களே, நாளை வெள்ளி. எண்ணிப் பார்த்தேன்: திடுக்குக்கு மூன்று பேர். வெருட்டுக்குத் தா. ஒருவர். வெரூஉவுக்கு ஐயா. ஜம்ப் ஸ்கேர் என்றே விட்டுவிடு என்று தனிமடலில் இருவர். எனக்கும் களைத்துவிட்டது. குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"முன்னோட்டத்தில் ஏழு திடுக்கு இருக்கிறது. ஐந்தை எடுத்துவிடுங்கள். 41ஆவது நொடியில் இருப்பதை அலமாரி மூடிய பிறகு வையுங்கள். அதற்கு முன் ரீங்காரத்தை நிறுத்துங்கள். கடைசியில் பேயின் முகத்தை முழுதாகக் காட்ட வேண்டாம், கை போதும். முகம் படம் பார்க்க வருகிறவருக்கு மிச்சம் இருக்கட்டும்."

'ஏழு திடுக்கு' என்று ஒருமையிலேயே விட்டிருக்கிறேன், செ. கவனிக்க.

— பூ.

---

அக்கா, உங்கள் வசதிக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் திடுக்கு என்பது பார்ப்பவருக்கு நேர்வது, வெருட்டு என்பது எடுப்பவர் செய்வது. உத்திக்குத்தானே பெயர் கேட்டீர்கள்? நான் வெருட்டு என்றுதான் எழுதுவேன்.

— தா.

---

தூக்கம் வரவில்லை, அகராதியைப் புரட்டினேன். 'துட்கு' என்று ஒரு சொல், அச்சம் என்ற பொருளோடு, ஓரமாகக் கிடக்கிறது. மூன்றே எழுத்து. 'வெட்கம்' போல ட-வும் க-வும் உரசுகிற இடத்தில் நாக்கே ஒரு கணம் துள்ளுகிறது. துட்கு, துணுக்கு, துண் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். பூ. அவர்கள் குறிப்பை அனுப்பிவிட்டார்களா?

— ந.

---

அனுப்பிவிட்டேன் ஐயா.

— பூ.