மறு: 'கோச்' என்பதற்குத் தமிழில்? — உசாத்துணைவர்

> 'பயிற்சியாளர்' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஐயா. 17 ஆண்டு கணக்குத் தணிக்கையில் இருந்துவிட்டு இப்போது கோச் ஆக மாறிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டுக் கோச் அல்ல, வேலை, வாழ்க்கை பற்றித் தவிப்பவர் தானே விடை காணும்படி கேள்வி கேட்டுத் துணைநிற்பவர். 'பயிற்சியாளர்' என்று சொன்னால், "எந்த ஆட்டத்துக்கு?" என்கிறார்கள். ஆட்டக் குழப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேலையே வேறு என்பதுதான் சிக்கல்.

கோச்சிங் படிப்பின் தொடக்கத்தில் என் உரையாடல் ஒன்றின் ஒலிப்பதிவை மூத்த கோச் ஒருவர் கேட்டார். வேலையை விடுவதா வேண்டாமா என்று தவித்தவரிடம் நான், "ஆறு மாதம் விடுப்பு கேட்டுப் பார்த்தால் என்ன?" என்றிருந்தேன். மூத்தவர் பதிவை அங்கேயே நிறுத்தினார். "இது கேள்வியா? அறிவுரைக்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள்." தணிக்கையில் ஓட்டையைக் கண்டால் சொல்லியே தீரவேண்டும், இங்கே வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவர் தானே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குத் தொழில் மாற்றம் என்பதே இந்த ஒரு பழக்கத்தை விடுவதுதான். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல்நிலைச் சான்றிதழுக்குக் குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் கேட்கிறார்கள். அந்த 100 மணி நேரத்தில் யாருக்கும் எதையும் 'பயிற்றுவிப்பது' கிடையாது.

> அப்படியானால் 'ஆற்றுப்படுத்துநர்'?

அழகான சொல், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈழத்து வழக்கில் கவுன்சலிங் ஏற்கெனவே 'ஆற்றுப்படுத்தல்'. இன்னொன்று, ஆற்றுப்படைக்குத் தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம் 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ'. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனிடம் தான் நடந்த வழியைச் சொல்கிறான். இது மென்டார், அதாவது தன் அனுபவத்தைச் சொல்லி வழிகாட்டுபவர், செய்யும் வேலை. சொல்லை அவருக்கே விட்டுவிடலாம். கோச் அந்த வழியில் நடந்திருக்கவே வேண்டியதில்லை. பரிசில்தான் வேண்டுமா என்று பாணனைக் கேட்பவர் அவர்.

'ஆலோசகர்' கன்சல்டன்டுக்குப் போய்விட்டது.

> மூலப்பொருளை ஒட்டித் 'தேராளர்' எனலாமே?

ஆங்கிலத்தில் 'கோச்' முதலில் குதிரை வண்டியைக் குறித்தது. ஹங்கேரியில் வண்டி செய்வதற்குப் பேர்போன கோச் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் இது. மாணவரைத் தேர்வில் கரைசேர்க்கும் ஆசிரியரை 1830களில் ஆக்ஸ்ஃபோர்டில் பேச்சுவழக்கில் 'கோச்' என்று அழைத்தார்கள். சுவையான கதைதான். ஆனால் வண்டியில் ஏறியவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இங்கே வந்தவர்தான் இழுக்க வேண்டும்!

என் முன்மொழிவு: உசாத்துணைவர்.

'உசாத்துணை' என்றால் கூட இருந்து கலந்து எண்ணுவதற்கான துணை. புதிதாக உருட்டிய சொல் அன்று. 'உசாவே சூழ்ச்சி' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். அன்று சூழ்ச்சி என்றால் ஆராய்ந்து எண்ணுதல். இன்று 'சூழ்ச்சியாளர்' என்று பலகை மாட்டினால் ஒருவரும் படியேற மாட்டார்கள். 'உசா' நல்லவேளையாகக் கெடாமல் தப்பிவிட்டது. கோச்சிங்குக்கு 'உசாத்துணைமை' என்று நீட்டலாம். விளையாட்டில் 'பயிற்சியாளர்' அப்படியே இருக்கட்டும், அங்கே கைவைக்க வேண்டாம்.

கட்டுரைகளின் அடியில் சான்று நூல்களுக்கு 'உசாத்துணை' என்று போடுகிறோமே என்பீர்கள். அங்கே நூல், இங்கே ஆள். 'அர்' விகுதி பிரித்துக் காட்டிவிடும்.

என்னை இடிப்பது வேறு. கோச்சிடம் வருபவருக்கு என்ன பெயர்? 'வாடிக்கையாளர்' என்றால் கடை வாசனை. 'உசாவுநர்' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் உசாவுதல் என்றால் வினவுதல் என்றும் பொருள் உண்டு. அந்த அறையில் வினவுகிறவர் கோச் அல்லவா? அப்படிப் பார்த்தால் பெயர் இடம் மாறிவிடுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் இந்த முடிச்சைக் கொஞ்சம் பாருங்கள். முகவரி அட்டையை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.