மழைக்குப் பின் எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிகின்றன: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

தேவனாம்பட்டினத்தான் (கேள்வி)

வணக்கம். வீடு கடற்கரைக்கு அருகில் இருப்பதால் என் டீசல் கார் ஆண்டு முழுவதும் உப்புக் காற்றில்தான் நிற்கிறது. கடலூரில் பெய்த கடைசிப் பெருமழைக்குப் பிறகு, வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஏபிஎஸ், ஸ்டியரிங், எஞ்சின் ஆகிய மூன்று எச்சரிக்கை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிகின்றன. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிடுகிறது. ஆனால் எஞ்சின் நிற்பதில்லை. சிறிது தூரம் போனதும் எல்லாம் தானாகவே சரியாகிவிடுகிறது.

பணிமனையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் இசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) யு0121, ஏபிஎஸ் பெட்டியில் யு0100, மீட்டர் போர்டிலும் யு0100 (எஞ்சின் இசியு உடனான தொடர்பு அறுந்தது) பதிவாகியிருந்தன. யு0121 என்றால் ஏபிஎஸ் உடனான தொடர்பு அறுந்தது என்று பொருள், எனவே ஏபிஎஸ் பெட்டியை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதன் விலை என்னை யோசிக்க வைக்கிறது. மாற்றிவிடலாமா?

இலாசுப்பேட்டை வயரிங்

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதிய மூன்று குறியீடுகளையும் சேர்த்துப் படித்தால் குற்றவாளி வேறிடத்தில் இருப்பது தெரிகிறது.

வண்டியின் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கேன் முறையில் தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. முறுக்கிய ஒரே இணைக் கம்பியில் எல்லாப் பெட்டிகளும் பேசுகின்றன. ஒன்று சொல்வது மற்ற எல்லாவற்றுக்கும் கேட்கிறது. 'யு'வில் தொடங்கும் இத்தகைய குறியீட்டைப் பதிவு செய்வது பேச்சு கேட்காமல் போன பெட்டிதான். பேசாமல் போன பெட்டி அன்று. ஆகவே குறியீடு என்ன என்பதோடு, அது எந்தப் பெட்டியில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ்ஸைக் காணவில்லை என்று சொல்வது எஞ்சின் இசியு மட்டுமே. எஞ்சினைக் காணவில்லை என்று ஏபிஎஸ்ஸும் மீட்டர் போர்டும் சொல்கின்றன. ஏபிஎஸ் உண்மையிலேயே ஊமையாகியிருந்தால் மீட்டர் போர்டும் யு0121 போட்டிருக்க வேண்டும். அது போடவில்லை என்பதால், கூட்டத்திலிருந்து அவ்வப்போது விலகிப்போவது எஞ்சின் இசியுதான். ஆர்பிஎம் முள் விழுந்தும் எஞ்சின் ஓடுவது இதற்குப் பொருந்துகிறது: தன் சென்சார்கள் இசியுவோடு நேராக இணைந்திருப்பதால் அது எஞ்சினை ஓட்டுகிறது, செய்திதான் வெளியே வரவில்லை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனரை மாட்டும் இடம்) 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். இணைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால், இரண்டும் பக்க இணைப்பாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு கம்பிகளும் எங்கோ உரசுகின்றன.

முதுநகர் வாசகர்

இதில் ஒரு எச்சரிக்கை. புதிய வண்டிகள் பலவற்றில் ஓபிடி சாக்கெட்டுக்குப் பின்னால், சாக்கெட்டையும் உள் கம்பிகளையும் பிரித்து நடுவில் நின்று செய்தி கடத்தும் கேட்வே பெட்டி இருக்கிறது. அங்கே அளந்தால் கேட்வே வரையுள்ள கம்பியைத்தான் அளந்ததாகும். உள்ளே இருக்கும் கோளாறு தெரியாது. உங்கள் மாடலின் வயரிங் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அளவை நம்புங்கள்.

மேலும், நிற்கும் வண்டியில் 60 ஓம் வந்தாலும் கம்பி நலம் என்று முடிவு கட்டக் கூடாது. வந்து வந்து மறையும் கோளாறுக்கு மீட்டரை மாட்டியபடியே வயரிங்கை அசைத்துப் பார்ப்பதுதான் சோதனை. பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டதும் 6ஆம் பின்னில் 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும், 14ஆம் பின்னில் சற்றுக் கீழும் தெரிய வேண்டும். இசியுவின் பாடி எர்த்தையும் (வண்டியின் உலோக உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) விட்டுவிடாதீர்கள். நம் கடலோரத்தில் பாதி மர்மங்கள் துருப்பிடித்த எர்த் போல்ட்டில்தான் முடிகின்றன. மீதிப் பாதிக்கு எலிகள் பொறுப்பு.

தேவனாம்பட்டினத்தான்

இருவருக்கும் நன்றி. என் வண்டியில் கேட்வே இல்லை. அசைக்காதபோது 60 காட்டுகிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் எஞ்சின் இசியுவுக்குப் போகும் வயர்க்கட்டை அழுத்தினால் 120க்குத் தாவி, விட்டதும் திரும்பிவிடுகிறது.

இலாசுப்பேட்டை வயரிங்

அப்படியானால் இடம் ஏறத்தாழக் கிடைத்துவிட்டது. பேட்டரியை மாட்டாமலே இசியு கனெக்டரைக் கழற்றி, பெட்டியின் பக்கமுள்ள இரு கேன் பின்களுக்கு இடையே அளந்து பாருங்கள். அங்கே 120 வந்தால் இசியுவுக்குள் இருக்கும் முனைத்தடை (அந்த இரு 120 ஓம் தடைகளில் ஒன்று) நன்றாக இருக்கிறது. பிறகு வயர்க்கட்டின் பக்கமுள்ள பின்களிலும் அளக்கலாம். மறுமுனையின் 120 தெரிய வேண்டும். வயர்க்கட்டை அழுத்தும்போது அது மறைந்தால் கோளாறு கம்பியிலோ கனெக்டரிலோதான், எந்தப் பெட்டியிலும் இல்லை.

கனெக்டரின் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல் அந்தப் பின்னையே மாற்றச் சொல்லுங்கள்; சுரண்டிய பழைய பின் அடுத்த மழை வரைதான் தாங்கும். கம்பி அறுந்திருந்தால், அவசரத்துக்கு நேராக ஒரு வயரை இழுத்துவிட அனுமதிக்காதீர்கள். இரு கம்பிகளும் சேர்ந்து முறுக்கியிருப்பதால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து, வித்தியாசத்தை மட்டும் படிக்கும் பெட்டிகளைக் குழப்பாமல் போகிறது. எனவே ஒட்டு வைக்கும் இடத்தில் முறுக்கு பிரிந்த நீளம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரு ஒட்டுகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் குறியீடுகளை அழித்துவிட்டு, வயர்க்கட்டை அசைத்தபடி 60 நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.